டிரக் பேட்டரியில் கனத்த மின்கேபிளை இணைத்தல்

ஃபோர்டு எஃப்-150, செவர்லே சில்வராடோ, ரேம் 1500 போன்ற அமெரிக்கப் பிக்கப் டிரக்குகளில் உயர்திறன் ஒலியமைப்பைப் பொருத்துவோர், ஆம்ப்ளிஃபயரையும் சப்வூஃபரையும் தேர்ந்தெடுப்பதில் காட்டும் கவனத்தை அவற்றுக்கு மின்சாரம் கொண்டுசெல்லும் கேபிளில் காட்டுவது அரிது. காட்டினாலும் அந்தக் கவனம் பெரும்பாலும் கேபிளின் தடிமனோடு நின்றுவிடுகிறது. கட்டைவிரல் பருமனுள்ள கேபிளை வாங்கி, லக் எனப்படும் செம்பு முனைத்துண்டில் அதன் நுனியைச் செருகிச் சுத்தியலால் நசுக்கி, பேட்டரி முனையில் ஏற்கெனவே இருக்கும் சிறிய போல்ட்டின் கீழ் அதைத் திணித்து, ஃபியூஸை வண்டியின் பின்பக்கம் வைத்துவிட்டு, ஒலி எதிர்பார்த்தபடி எழவில்லை என்று இன்னும் பெரிய ஆம்ப்ளிஃபயரைத் தேடிப் போவது வழக்கமாகிவிட்ட தவறு. மின்னோட்டம் போய்த் திரும்பும் சுற்றில் உள்ள மிக மோசமான இணைப்பே அமைப்பின் எல்லையைத் தீர்மானிக்கிறது என்பதால், இந்த அத்தியாயம் கேபிளைவிட அதன் நுனிகளுக்கும் ஃபியூஸுக்கும் திரும்பும் பாதைக்குமே அதிக இடம் ஒதுக்குகிறது.

மின்னோட்டமும் தடிமனும்

கேபிளைத் தேர்வதற்கு முன் ஆம்ப்ளிஃபயர் எவ்வளவு மின்னோட்டத்தை இழுக்கும் என்பதைக் கணக்கிட வேண்டும். பெட்டியின் மேல் பெரிய எழுத்தில் அச்சிடப்படும் உச்ச வாட் அளவு இதற்குப் பயன்படாது. தொடர்ந்து வழங்கக்கூடிய திறனைக் குறிக்கும் ஆர்.எம்.எஸ். வாட் அளவே கணக்குக்கு உரியது. சி.டி.ஏ-2006 என்னும் தரநிலைப்படி 14.4 வோல்ட் மின்னழுத்தத்தில், 4 ஓம் சுமையில், 1 விழுக்காட்டுக்கு மிகாத ஒலிச்சிதைவோடு அளக்கப்பட்ட எண் கிடைத்தால் அதை நம்பலாம். டிரான்சிஸ்டர்களை அதிவேகமாகத் திறந்து மூடி இயங்குவதால் வீணாகும் வெப்பம் குறைந்த ‘கிளாஸ் டி’ வகை ஆம்ப்ளிஃபயரின் செயல்திறனை ஏறத்தாழ 80 விழுக்காடு என்று கொண்டால், 1000 வாட் வெளியீட்டுக்கு 1250 வாட் உள்ளே செல்ல வேண்டும். இன்ஜின் ஓடும்போது கிடைக்கும் 13.8 வோல்ட்டால் இதை வகுத்தால் சுமார் 90 ஆம்பியர் வருகிறது. பழைய ‘கிளாஸ் ஏபி’ வகையில் செயல்திறன் 60 விழுக்காடு அளவிலேயே இருப்பதால், அதே ஒலிக்கு 120 ஆம்பியர் தேவைப்படும். இசை ஏறி இறங்கும் தன்மையுடையதாகையால் சராசரி மின்னோட்டம் இதைவிடக் கணிசமாகக் குறைவுதான். ஆயினும் தாளத்தின் ஒவ்வோர் அடியிலும் எழும் உச்சத்தைக் கேபிள் தாங்க வேண்டியிருப்பதால் முழு அளவையே கணக்கில் கொள்வது முறை.

வட அமெரிக்காவில் கம்பியின் தடிமன் ஏ.டபிள்யூ.ஜி. எனப்படும் கேஜ் எண்ணால் குறிக்கப்படுகிறது. இம்முறையில் எண் குறையக் குறையத் தடிமன் கூடும். மூன்று எண்கள் குறைந்தால் கம்பியின் குறுக்குவெட்டுப் பரப்பு ஏறத்தாழ இரு மடங்காகும். 8 கேஜ் 8.4 ச.மி.மீ., 4 கேஜ் 21 ச.மி.மீ., பூஜ்யத்தைக் குறிக்கும் 1/0 கேஜ் 53.5 ச.மி.மீ. பரப்புடையவை. நான்கு கதவு கொண்ட டிரக்கில் இன்ஜின் அறையிலுள்ள பேட்டரியிலிருந்து பின் இருக்கைக்குப் பின்னால் வைக்கப்படும் ஆம்ப்ளிஃபயர் வரை, வளைவு நெளிவுகளையும் சேர்த்து, 5 மீட்டர் கேபிள் தேவைப்படுவதாகக் கொண்டால், 4 கேஜ் செம்புக் கேபிளின் மின்தடை சுமார் 4 மில்லியோம். 90 ஆம்பியர் பாயும்போது அதில் 0.37 வோல்ட் இழக்கப்பட்டு 33 வாட் வெப்பமாக வெளியேறும். அதே நீளத்தில் 1/0 கேஜ் இட்டால் இழப்பு 0.15 வோல்ட்டாகக் குறையும். ஆகவே 1000 வாட் வரை 4 கேஜ் போதுமானது. அதற்கு மேல் செல்வோரும், பின்னாளில் இரண்டாவது ஆம்ப்ளிஃபயரைச் சேர்க்க எண்ணுவோரும் 1/0 கேஜை முதலிலேயே இட்டுவிடுவது நல்லது, ஏனெனில் வண்டியின் உள்தரையை இருமுறை கழற்றி மாட்டுவதைவிடக் கேபிளின் கூடுதல் விலை குறைவே.

இந்தக் கணக்கு தூய செம்புக்கு மட்டுமே பொருந்தும். மலிவான தொகுப்புகளில் வரும் கேபிள் பெரும்பாலும் அலுமினியக் கம்பியின் மேல் மெல்லிய செம்புப் பூச்சிட்டது. அதன் மின்தடை அதே பரப்புள்ள செம்பின் மின்தடையைப் போல் ஒன்றரை மடங்குக்கு மேல் என்பதால், மேற்சொன்ன 0.37 வோல்ட் இழப்பு அதில் 0.6 வோல்ட்டை நெருங்கும். நுனியைக் கத்தியால் சுரண்டினால் செம்பின் நிறம் போய் வெண்மை தெரிவது இதைக் கண்டறியும் எளிய வழி. வெளிப்புறக் காப்புறையைத் தடிமனாக்கி உள்ளே குறைந்த உலோகத்தை வைத்து விற்கும் கேபிள்களும் உண்டு. ஆகவே கேபிளின் வெளிவிட்டத்தைப் பார்த்து ஒருபோதும் முடிவு செய்யலாகாது. வெல்டிங் கேபிளைப் பயன்படுத்துவோர் பலர். தலைமுடி போன்ற மெல்லிய செம்பு இழைகளால் ஆன அது நன்கு வளையும், விலையும் நியாயமானது. ஆனால் அதன் ரப்பர் உறை பெரும்பாலும் எண்ணெயைத் தாங்காத வகையைச் சேர்ந்தது என்பதால், இன்ஜின் அறைக்குள் செல்லும் பகுதியை நெளிவுக் குழாய்க்குள் இட்டே கொண்டுசெல்ல வேண்டும்.

பேட்டரி முனையில் வேலை

12 வோல்ட் மனிதருக்கு மின்னதிர்ச்சி தராது என்பது உண்மை. ஆனால் வண்டியை ஸ்டார்ட் செய்யும் பேட்டரியின் உள்தடை சில மில்லியோம் மட்டுமே என்பதால், அதன் இரு முனைகளும் ஒரு ஸ்பேனரால் இணைக்கப்பட்டால் ஆயிரம் ஆம்பியருக்கு மேல் பாய்ந்து உலோகம் நொடியில் பழுக்கக் காய்ந்துவிடும். விரலில் மோதிரமோ மணிக்கட்டில் உலோகக் கைக்கடிகாரமோ இருக்கக் கூடாது. பேட்டரி சார்ஜ் ஆகும்போது எளிதில் தீப்பற்றும் ஹைட்ரஜன் வாயு வெளிப்படுவதால், வண்டியை நிறுத்திச் சிறிது நேரம் காற்றோட்டம் கிடைத்த பின்னரே வேலையைத் தொடங்க வேண்டும்.

முதலில் கழற்ற வேண்டியது எதிர்முனை. கடைசியில் மாட்ட வேண்டியதும் அதுவே. வண்டியின் உலோகச் சட்டம் முழுவதும் எதிர்முனையோடு இணைந்திருப்பதால், எதிர்முனை மாட்டியிருக்கும் நிலையில் நேர்முனையைக் கழற்றும் ஸ்பேனர் பாடியில் தட்டினால் நேரடிச் சுற்று உண்டாகும். எதிர்முனையை முன்பே பிரித்துவிட்டால் அந்தச் சுற்று முழுமை பெற வழியில்லை. முனைகளில் பூத்திருக்கும் வெள்ளை அல்லது நீலப்பச்சைத் தூளை ஆப்ப சோடா கரைத்த நீரால் கழுவி, உலர்த்தி, கம்பித் தூரிகையால் ஈயம் பளபளக்கும் வரை தேய்க்க வேண்டும்.

பேட்டரி முனைகளில் இரு வகை முக்கியமானவை. மேல்முனை வகையில் கூம்பு வடிவ ஈயத் தூண்கள் மேற்புறம் நிற்கும். நேர்முனைத் தூண் மேல்விளிம்பில் 17.5 மி.மீ., எதிர்முனைத் தூண் 15.9 மி.மீ. விட்டமுடையவை, தூண்களைப் பற்றும் கிளாம்ப்கள் இடம் மாறிப் பொருந்தாமல் இருக்கவே இந்த வேறுபாடு. இவ்வகையில் கிளாம்பை இறுக்கும் போல்ட்டின் தலையில் லக்கைச் செருகுவதைத் தவிர்த்து, துணை இணைப்புக்கென்றே தனிப் போல்ட் அமைந்த கிளாம்பை வாங்கி மாட்டுவது சிறந்தது. நேர்முனைக் கிளாம்பின் மேலேயே தொழிற்சாலை ஃபியூஸ் கட்டை பொருத்தப்பட்ட வண்டிகளில், புதிய லக் பேட்டரித் தூணோடு நேரடித் தொடர்புள்ள போல்ட்டில் அமர வேண்டுமேயன்றி, ஏதேனும் ஒரு ஃபியூஸின் மறுபக்கத்தில் உள்ள போல்ட்டில் அன்று.

ஜெனரல் மோட்டார்ஸ் வண்டிகளில் பல ஆண்டுகளாகக் காணப்படும் பக்கமுனை வகைதான் அதிகத் தொல்லை தருவது. பேட்டரியின் பக்கவாட்டில் ஈயத்தில் பதித்த மரைத்துளைக்குள் 3/8 அங்குல போல்ட் ஒன்று செல்கிறது. அந்த போல்ட்டின் நீளம் தொழிற்சாலைக் கேபிளின் தடிமனுக்கு மட்டுமே அளந்து செய்யப்பட்டது. அதன் கீழ் 1/0 லக் ஒன்றைக் கூடுதலாகத் திணித்தால் போல்ட் உள்ளே ஓரிரு மரைகள் மட்டுமே பிடிக்கும். பிடிப்பு போதவில்லை என்று மேலும் முறுக்கினால் மென்மையான ஈய மரை தேய்ந்து பேட்டரியே பயனற்றுப்போகும். இதற்கென விற்கப்படும் நீள போல்ட்டை, அதாவது ஒரு நுனி பேட்டரிக்குள் செல்ல மறுநுனியில் தனி நட்டோடு லக்குகளைத் தாங்கும் வகையை, வாங்குவதே தீர்வு. மேல்முனையும் பக்கமுனையும் ஒருங்கே அமைந்த பேட்டரிகளும் கிடைக்கின்றன. பேட்டரியை மாற்றும் காலம் நெருங்கியிருந்தால் அத்தகையதை வாங்கி, வண்டியின் கேபிள்களைப் பக்கத்திலும் ஒலியமைப்பின் கேபிளை மேலேயும் மாட்டுவது எல்லாவற்றிலும் எளிது.

எந்த வகையாயினும், லக்கின் தட்டையான முகம் கிளாம்பின் உலோகத்தோடு நேரடியாகப் படிய வேண்டும். வாஷர் நட்டுக்கும் லக்குக்கும் இடையில் அமைய வேண்டியது. லக்குக்கும் கிளாம்புக்கும் இடையில் எஃகு வாஷரைச் செருகினால் செம்பைவிட மின்தடை மிகுந்த எஃகு வழியாக மின்னோட்டம் முழுவதும் செல்ல நேரிடும். லக்கின் துளை போல்ட்டுக்குச் சரியான அளவில் இருக்க வேண்டும். பெரிய துளை தொடுபரப்பைக் குறைத்துவிடும்.

லக்கைக் கிரிம்ப் செய்தல்

லக் என்பது கேபிளின் நுனியில் பொருத்தப்படும் குழல் வடிவச் செம்புத் துண்டு. அதன் ஒரு பக்கம் கேபிள் நுழையும் குழலாகவும் மறுபக்கம் போல்ட் நுழையும் துளையுள்ள தகடாகவும் இருக்கும். ஈயத்தோடு தொடர்பு கொள்ளுமிடத்தில் அரிப்பைக் குறைப்பதற்காக வெள்ளீயம் பூசிய லக்கையே வாங்க வேண்டும். குழலின் ஆழத்தைவிட 1 அல்லது 2 மி.மீ. கூடுதலாகக் காப்புறையை நீக்கி, இழை ஒன்றுகூட வெட்டுப்படாமல் பார்த்துக்கொண்டு, எல்லா இழைகளும் குழலுக்குள் நுழைந்ததை உறுதி செய்தபின், அறுகோண அச்சுகள் கொண்ட ஹைட்ராலிக் கிரிம்பிங் கருவியால் அழுத்த வேண்டும். சரியாக அழுத்தப்பட்ட லக்கைக் குறுக்கே அறுத்துப் பார்த்தால் இழைகளும் குழலும் இடைவெளியின்றி ஒரே உலோகக் கட்டியாகத் தோன்றும். மலிவான கருவிகளின் அச்சில் பொறித்த அளவுகள் கேபிளின் கேஜ் எண்ணோடு ஒத்துப்போவதில்லை என்பதால், முதலில் ஒரு லக்கைப் பலி கொடுத்து இவ்வாறு அறுத்துப் பார்ப்பது வீண் செலவன்று.

சால்டரிங் செய்தால் இன்னும் உறுதி என்ற நம்பிக்கை பரவலாக உள்ளது. உருகிய ஈயக்கலவை இழைகளுக்கிடையே ஊறி ஏறி லக்குக்குப் பின்னால் கேபிளை விறைப்பாக்குவதால், இன்ஜின் அதிர்வில் இழைகள் அந்த விறைப்பு முடியும் இடத்திலேயே ஒடியத் தொடங்குகின்றன. இணைப்பு சூடேறினால் அந்தக் கலவையே இளகவும் கூடும். நல்ல கிரிம்பிங் இருக்கும்போது சால்டரிங் தேவையில்லை. மோசமான கிரிம்பிங்கைச் சால்டரிங் காப்பாற்றாது. இறுதியாக, உள்ளே பசை பூசிய ஹீட் ஷ்ரிங்க் ஸ்லீவைக் குழலின் மேல் ஏற்றிச் சூடாக்கினால் ஈரம் உட்புகும் வழி அடைபடும். கருவி கைவசம் இல்லாதோர் நீளத்தை அளந்து கொடுத்து, வெல்டிங் கேபிள் விற்கும் கடையிலோ பேட்டரிக் கடையிலோ லக் பொருத்தி வாங்கிக்கொள்ளலாம்.

ஃபியூஸ்

ஆம்ப்ளிஃபயரைக் காப்பதற்காகவே ஃபியூஸ் என்று கருதி அதை ஆம்ப்ளிஃபயருக்கு அருகில் வைப்போர் உண்டு. பல ஆம்ப்ளிஃபயர்களுக்கு அவற்றின் உடலிலேயே ஃபியூஸ் உள்ளது. நேர்முனைக் கேபிளில் இடப்படும் பெரிய ஃபியூஸ் கேபிளைக் காப்பதற்கானது. பேட்டரிக்கும் ஃபியூஸுக்கும் இடைப்பட்ட பகுதிக்கு எந்தப் பாதுகாப்பும் இல்லை என்பதால், ஃபியூஸ் பேட்டரி முனையிலிருந்து கேபிள் வழியே அளந்து 18 அங்குலத்துக்குள், அதாவது 45 செ.மீ.க்குள், அமைய வேண்டும் என்பது இத்துறையில் நிலைபெற்ற விதி. விபத்திலோ தேய்மானத்திலோ காப்புறை கிழிந்து கேபிள் பாடியைத் தொட்டால், ஃபியூஸ் இல்லாத நிலையில் பேட்டரி தீரும் வரை அல்லது வண்டி தீப்பற்றும் வரை மின்னோட்டம் நிற்காது.

ஃபியூஸின் அளவு கேபிள் தாங்கும் அளவைத் தாண்டக் கூடாது. ஆம்ப்ளிஃபயர்களின் உள் ஃபியூஸ்களின் கூட்டுத்தொகைக்குக் குறையாமலும் இருத்தல் நலம். 4 கேஜ் செம்புக் கேபிளுக்கு 125 முதல் 150 ஆம்பியர், 1/0 கேஜுக்கு 250 முதல் 300 ஆம்பியர் என்பது பொதுவான நடைமுறை. செம்புப் பூச்சிட்ட அலுமினியக் கேபிளுக்கு இதைவிடக் குறைவாகவே இட வேண்டும். தகடு வடிவிலான, போல்ட்டால் இறுக்கப்படும் ஏ.என்.எல். வகை இதற்கு ஏற்றது. ஒரு 1/0 கேபிளைப் பின்னால் கொண்டுபோய் அங்கிருந்து இரண்டு 4 கேஜ் கேபிள்களாகப் பிரித்தால், பிரியும் இடத்தில் ஒவ்வொன்றுக்கும் தனி ஃபியூஸ் கட்டாயம். முன்னாலுள்ள 300 ஆம்பியர் ஃபியூஸ் மெல்லிய கேபிளைக் காக்காது.

கேபிள் செல்லும் வழி

இன்ஜின் அறைக்கும் கேபினுக்கும் இடையிலுள்ள தகட்டில் ஏற்கெனவே இருக்கும் ரப்பர் குரோமெட்டைப் பயன்படுத்துவது நல்லது. புதிதாகத் துளையிட நேர்ந்தால் மறுபுறம் உள்ள வயர்க்கட்டு, பிரேக் குழாய் ஆகியவற்றைப் பார்த்துக்கொண்டு துளையிட்டு, விளிம்பை அரத்தால் மழுக்கி, வண்ணம் பூசி, குரோமெட் இட வேண்டும். எக்ஸாஸ்ட் குழாய், ஸ்டீரிங் தண்டு, பெடல்கள் ஆகியவற்றிலிருந்து விலக்கி, கதவடி மூடியின் கீழ் கொண்டுசென்றால் போதும். ஒலிச் சமிக்ஞை செல்லும் ஆர்.சி.ஏ. கேபிளை மறுபக்கமாகக் கொண்டுசெல்வது நல்ல பழக்கமே. எனினும் இன்ஜின் வேகத்தோடு ஏறி இறங்கும் சீழ்க்கை ஒலிக்குப் பெரும்பாலும் காரணம் அடுத்தடுத்து ஓடும் கேபிள்கள் அல்ல, மோசமான எர்த் இணைப்பே.

திரும்பும் பாதை

நேர்முனைக் கேபிளில் 90 ஆம்பியர் போனால், அதே 90 ஆம்பியர் எதிர்முனைக்குத் திரும்பியாக வேண்டும். காரில் பாடியும் சட்டமும் ஒன்றாகையால் பின்பகுதியில் எங்கேனும் ‘பாடி எர்த்’ கொடுத்தால் பெரும்பாலும் போதும். பிக்கப் டிரக்கின் அமைப்பு வேறு. கேபின் ரப்பர் தாங்கிகளின் மேல் அமர்ந்திருப்பதால் சட்டத்தோடு அதற்கு நேரடி உலோகத் தொடர்பில்லை. சில மெல்லிய எர்த் பட்டைகளே இரண்டையும் இணைக்கின்றன. 2015 மாடல் முதல் எஃப்-150 வண்டியின் பாடி அலுமினியக் கலவையால் ஆனது, சட்டம் எஃகு. அலுமினியத் தகட்டில் செம்பு லக்கைப் போல்ட் இட்டு ஈரம் படவிட்டால், இரு வேறு உலோகங்களுக்கிடையிலான மின்வேதி அரிப்பால் அலுமினியம் தின்னப்பட்டு, இணைப்பின் மின்தடை மாதந்தோறும் ஏறிக்கொண்டே போகும். எனவே இத்தகைய டிரக்குகளில் எர்த் கேபிளைத் தரைவழியே இறக்கி எஃகுச் சட்டத்தில் இணைப்பது அல்லது நேர்முனைக் கேபிளுக்கு இணையாக அதே கேஜில் ஒரு கேபிளை முன்பக்கம் வரை கொண்டுவருவது உறுதியான வழி. எர்த் கேபிள் 45 செ.மீ.க்குள் இருக்க வேண்டும் என்ற அறிவுரைக்காக மோசமான இடத்தைத் தேர்வதைவிட, ஒரு மீட்டர் நீண்டாலும் நல்ல இடத்தைத் தேர்வதே மேல். சட்டத்தில் இணைக்குமிடத்தில் வண்ணத்தை முழுமையாகச் சுரண்டி, பளிச்சென்ற எஃகின் மேல் லக்கை நேரடியாக வைத்து இறுக்கியபின், வெளிப்புறத்துக்கு மட்டும் வண்ணம் பூச வேண்டும். இருக்கைப் பட்டையைத் தாங்கும் போல்ட் எவ்வளவு வசதியாகத் தோன்றினாலும் அதைத் தொடலாகாது.

சட்டத்திலிருந்து பேட்டரிக்கு வரும் தொழிற்சாலைக் கேபிள் மெல்லியதாக இருந்தால் முன்னால் செய்த வேலை முழுவதும் அங்கே முடங்கும். பேட்டரியின் எதிர்முனையிலிருந்து சட்டத்துக்கு, இன்ஜினிலிருந்து சட்டத்துக்கு, ஆல்டர்னேட்டரின் நேர்முனையிலிருந்து பேட்டரிக்கு என மூன்று கேபிள்களைக் கனமாக்கும் வேலையை அமெரிக்க ஒலியமைப்பாளர்கள் ‘பிக் த்ரீ’ என்பர். மூன்றாவதற்கு ஃபியூஸ் இட வேண்டும். அண்மைக்கால டிரக்குகளில் எதிர்முனைக் கிளாம்பில் சிறு கறுப்புப் பெட்டி ஒன்று பொருத்தப்பட்டிருப்பதைக் காணலாம். பேட்டரிக்குள் எவ்வளவு மின்னோட்டம் புகுகிறது, வெளியேறுகிறது என்பதை அளந்து கணினிக்குச் சொல்லும் சென்சார் அது. ஆம்ப்ளிஃபயரின் எர்த் கேபிளை நேராக எதிர்முனைத் தூணில் மாட்டினால் அந்த மின்னோட்டம் சென்சாரைக் கடக்காமல் போய், கணினி பேட்டரியின் நிலையைத் தவறாகக் கணித்து, சார்ஜைத் தேவைக்குக் குறைவாக வைத்துவிடும். சென்சாரின் வண்டிப் பக்கத்தில், அதாவது தொழிற்சாலை எதிர்முனைக் கேபிள் சட்டத்தைத் தொடும் இடத்தில், இணைப்பதே சரி.

இரு பேட்டரி வண்டிகள்

டீசல் இன்ஜின் கொண்ட பெரிய பிக்கப்புகளில் இரண்டு பேட்டரிகள் இருந்தாலும் அவை இணைச் சுற்றில் உள்ளமையால் மின்னழுத்தம் 12 வோல்ட்டே. தமிழ்நாட்டுச் சாலைகளில் ஓடும் கனரக லாரிகளில் இரண்டு 12 வோல்ட் பேட்டரிகள் தொடர்ச் சுற்றில் அமைந்து 24 வோல்ட் தருகின்றன. காருக்கான ஆம்ப்ளிஃபயரை அந்த 24 வோல்ட்டில் மாட்டினால் அது எரிந்துபோகும். அதைத் தவிர்ப்பதற்காக ஒரே பேட்டரியிலிருந்து மட்டும் 12 வோல்ட் எடுப்பது பரவலான குறுக்குவழி. இதில் ஒரு பேட்டரி எப்போதும் குறைந்த சார்ஜிலும் மற்றது அளவுக்கு மீறிய சார்ஜிலும் தங்கி, இரண்டுமே ஆயுளுக்கு முன்பே கெடுகின்றன. தேவையான ஆம்பியர் அளவுள்ள 24-12 வோல்ட் கன்வெர்ட்டரையோ பேட்டரி ஈக்வலைசரையோ பொருத்தாமல் லாரியில் இந்த வேலையைத் தொடங்கலாகாது.

சோதனை

ஃபியூஸ் எல்லாவற்றிலும் கடைசியாகவே இடப்பட வேண்டும். இடுவதற்கு முன், மல்டிமீட்டரால் கேபிளின் நேர்முனைக்கும் பாடிக்கும் இடையே நேரடித் தொடர்பு இல்லை என்பதை ஆம்ப்ளிஃபயரைப் பிரித்த நிலையில் பார்த்துக்கொள்ள வேண்டும். ஃபியூஸை வைக்கும்போது எழும் சிறு பொறி, ஆம்ப்ளிஃபயருக்குள் உள்ள கெப்பாசிட்டர்கள் நிரம்புவதால் வருவது. அது பழுதின் அடையாளமன்று. பின்னர் இன்ஜினை ஓடவிட்டு, ஒலியை உயர்த்தி, மீட்டரின் ஒரு முனையைப் பேட்டரியின் நேர்முனையிலும் மற்றதை ஆம்ப்ளிஃபயரின் நேர்முனையிலும் வைத்தால் அந்தப் பாதையின் இழப்பு நேரடியாகத் தெரியும். எதிர்முனைகளுக்கிடையிலும் அவ்வாறே பார்க்க வேண்டும். இரண்டும் சேர்ந்து 0.5 வோல்ட்டைத் தாண்டினால், ஒவ்வோர் இணைப்பாக அளந்து, சூடாக இருக்கும் லக்கைக் கையால் தொட்டுக் கண்டுபிடித்துச் செம்மைப்படுத்த வேண்டும். ஈயம் அழுத்தத்தில் மெல்ல நெகிழும் உலோகம் என்பதால் சில வாரங்களுக்குப் பின் பேட்டரி முனைகளை ஒருமுறை மீண்டும் இறுக்கிப் பார்ப்பதும், இழப்பை மறுபடி அளந்து முதல் அளவோடு ஒப்பிடுவதும் அவசியம். இழப்பு 0.5 வோல்ட்டுக்கு மேல் நிற்கும் அமைப்பில் புதிய ஆம்ப்ளிஃபயருக்குச் செலவிடும் பணம் வீண்.